பாடுகிறவரின் மொழி



இசையும் மொழியும் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வகுக்கப்பட்ட எல்லை. அந்த எல்லைக்குள் நின்று, நம்மில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு முயற்சியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

1962-ஆம் ஆண்டு டோக்கியோவில் ஓமுரா எமிகோ என்ற அம்மையார் ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். டோக்கியோ பாக் பாடகர் குழு என்பது அதன் பெயர். இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் கூடிப் பாடும் குழு அது. ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் திருச்சபை வழிபாட்டுக்காக எழுதியவற்றை அவர்கள் ஜப்பானிய மொழியில் பாடினார்கள். வரிகளை ஓமுராவே பெயர்த்தார். ஒரு விழாவுக்காக ஒருமுறை செய்து பார்த்த சோதனையாக இருந்தால் அதை நான் இங்கே எடுத்துவந்திருக்க மாட்டேன். பல பத்தாண்டுகள் விடாமல் நடந்த வேலை அது. பாக்கின் ஸ்வரங்களுக்குக் கீழே ஜப்பானியச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, குழுவினர் வாயில் போட்டுப் பாடவைத்து, சரிப்படாததை அடித்துவிட்டு மறுபடி எழுதும் பொறுமையான வேலை.

இது ஏன் வியப்புக்குரியது என்றால், ஜப்பானின் இசையுலகம் பெரும்பாலும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஊர்தோறும் பாடகர் குழுக்கள் உண்டு. பள்ளிகளில் உண்டு, அலுவலகங்களில் உண்டு, இல்லத்தரசிகள் மட்டுமே சேர்ந்து பாடும் குழுக்களும் ஏராளம். ஊர்ப் பொதுமண்டபத்தில் மாலை வேளையில் கூடிப் பழகும் இந்தக் குழுக்களை 'ஷிமின் கஷ்ஷோதன்' என்பார்கள்; ஊர்மக்கள் பாடகர் குழு என்று கொள்ளலாம். அவற்றை இணைக்கும் தேசியக் கூட்டமைப்பு 1948-லேயே தோன்றிவிட்டது. கிறித்தவர்களோ அந்நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். ஆகவே அங்கே பாக்கையும் மோட்சார்ட்டையும் ஹாண்டலையும் பாடுகிற ஊர்க் குழுக்களில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். இசையின் பேரழகுக்காக வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

இந்தக் குழுக்கள் பொதுவாக மூலமொழியில்தான் பாடுகின்றன. இதன் மிகப் புகழ்பெற்ற வடிவம் டிசம்பர் மாதத்தில் நாடு முழுவதும் ஒலிக்கும் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. 1918 ஜூன் 1 அன்று தோக்குஷிமா மாநிலத்துப் பாந்தோ முகாமில் ஜெர்மானியப் போர்க்கைதிகள் அதை முதன்முதலாக ஜப்பானிய மண்ணில் வாசித்துப் பாடினார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். ஜெர்மன் தெரியாதவர்கள் ஜெர்மன் ஒலிகளை ஜப்பானியக் கதகானா எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். அந்த உழைப்பில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதைப் போலவே, 1990-ல் சுசுகி மசாகி தொடங்கிய பாக் கொலேகியும் ஜப்பான் என்ற தேர்ந்த இசைஞர் குழு, 1995 முதல் 2013 வரை பாக்கின் திருச்சபைக் கான்டாட்டாக்கள் எனப்படும் குரலிசைப் படைப்புகள் அனைத்தையும் 55 இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. எல்லாம் மூலமொழியில், பாக் காலத்துக் கருவிகளோடு. உலகமே தலைவணங்கிய சாதனை அது.

இத்தனைக்கும் நடுவில், 'ஊர்மக்கள் பாடுவது அவர்கள் மொழியில் இருக்க வேண்டும்' என்று ஒரு குழு உறுதியாக நின்றது. அந்த நிலைப்பாடு சரியானது என்பது என் துணிபு. இன்று நான் பேசப்போவது முழுவதும் அதைப் பற்றித்தான்.

மூலமொழியில் பாடினால்தான் மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோம் என்று பலர் நம்புகிறார்கள். பாக்கின் மூலத்தையே சற்றுக் கூர்ந்து பார்ப்போம். இயேசு கைதாகிச் சிலுவையில் இறந்த வரலாற்றைக் கிறித்தவத் தமிழில் 'பாடுகள்' என்பார்கள். அந்த வரலாற்றை மத்தேயு நற்செய்தியின்படி பாக் இசையமைத்தது 1727-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகரில் முதன்முதலாகப் பாடப்பட்டது என்று கொள்கிறார்கள். இரண்டு பாடகர் குழு, இரண்டு வாத்தியக் குழு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் இசை. அதற்குள் ஒரே மெட்டு ஐந்து முறை திரும்பத் திரும்ப வருகிறது. முட்கிரீடம் சூட்டப்பட்ட தலையை நோக்கிப் பாடும் பாட்டு. அதன் சொற்களைப் பவுல் கெர்ஹார்ட் 1656-ல் எழுதினார். அதுவும் இடைக்கால லத்தீன் கவிதையொன்றிலிருந்து பெயர்த்தது. மெட்டு இன்னும் விந்தையானது. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-ல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு அது. ஒரு பெண்ணால் மனம் குழம்பியவன் பாடிய ராகம், அரை நூற்றாண்டில் பெரிய வெள்ளியின் இதயத்துக்கு வந்துவிட்டது. மொழிபெயர்ப்பும் இடமாற்றமும் அந்த இசையின் அடித்தளத்திலேயே இருக்கின்றன.

லைப்சிக் மக்கள் அதை ஜெர்மனில் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. மார்ட்டின் லுத்தர் 1526-ல் ஜெர்மன் மொழி வழிபாட்டை ஒழுங்கு செய்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார்: லத்தீன் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஜெர்மன் சொற்களை ஒட்டினால் போதாது, சொல், ஸ்வரம், அழுத்தம், நடை எல்லாமே தாய்மொழியிலிருந்தும் அதன் குரலிலிருந்தும் பிறக்க வேண்டும் என்றார். எளிய வழியைத் தேடுபவர் சொல்லும் பேச்சு அல்ல இது. மொழிமாற்றம் எவ்வளவு கடினம் என்று அறிந்த ஒருவர், அந்தக் கடினத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்ன பேச்சு.

பாக் இறந்தபின் இந்த மத்தேயு பாடுகள் லைப்சிக்குக்கு வெளியே ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்தது. 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் அதை மீட்டுப் பாடியவர்கள் யார்? ஜிங்அக்கடமி என்ற பாடகர் சங்கத்தார். 1791 முதல் கூடிப் பாடிவந்த நகரத்துக் குடிமக்கள். அவர்களை நடத்திய மெண்டல்சனுக்கு அப்போது இருபது வயது. பாக்கின் இந்தப் பேரிசை இன்று உலகத்துக்குக் கிடைத்திருப்பதே ஓர் ஊர்க் குழுவின் கொடை. அதே மெண்டல்சன் பின்னாளில் 'எலியா' என்ற ஓரட்டோரியோவை, அதாவது திருமறைக் கதையைப் பாடும் பேரிசையை, ஜெர்மன் சொற்களுக்கு இசையமைத்தார். ஆனால் அது முதன்முதலாக ஒலித்தது ஆங்கிலத்தில், 1846-ல் பர்மிங்காமில். மொழிபெயர்த்தவர் வில்லியம் பார்த்தலோமியூ. அவரோடு கடிதம் கடிதமாகப் பேசி, ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்பத் தம் ஸ்வரங்களையே மெண்டல்சன் திருத்திக் கொடுத்தார். இங்கிலாந்தின் ரால்ஃப் வான் வில்லியம்ஸ், சர்ரே மாவட்டத்துக் கிராமப் பாடகர்களைக் கூட்டி 1958 வரை டார்க்கிங் ஊரில் மத்தேயு பாடுகளை நடத்தினார். அதுவும் ஆங்கிலத்தில்தான். ஓமுரா தேர்ந்த வழி புதுவழி அன்று. பெரும் இசைஞர்கள் நடந்த வழி.

இனி வேலையின் உள்ளே போவோம். ஜப்பானிய மொழி பாக்கின் ஸ்வரங்களுக்குக் கீழே எப்படி உட்காருகிறது? மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜப்பானிய மொழி மாத்திரையால் நடக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரே கால அளவு. நெடில் இரண்டு மாத்திரை. நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்களிடம் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ தனித்து நிற்கும் 'ன்' ஒலிக்கு முழு மாத்திரை. அது தனக்கென ஒரு ஸ்வரம் கேட்கும். பாடகர்கள் வாயை மூடியபடி அந்த ஸ்வரத்தை ஒலிக்கிறார்கள்.

ஜெர்மன் மொழியில் கிறிஸ்து என்ற பெயரை ஓரசையிலும் சொல்லலாம். ஜப்பானியத்தில் நான்கு மாத்திரை. சிலுவை என்ற ஜெர்மன் சொல்லும் ஓரசை. ஜப்பானியத்தில் 'ஜூஜிகா', அதுவும் நான்கு. ஆக, ஜெர்மன் வரி சொல்வதில் ஒரு பகுதியைத்தான் அதே எண்ணிக்கை ஸ்வரங்களுக்குள் கொண்டுவர முடியும். எதைக் கொள்வது, எதை விடுவது என்ற முடிவை வரிக்கு வரி எடுத்தாக வேண்டும். சில இடங்களில் மொழி கைகொடுக்கும். ஆண்டவர் என்பதற்கு ஜப்பானியக் கிறித்தவர்கள் வழங்கும் 'ஷு' என்ற சொல் ஒரே மாத்திரை. ஜெர்மன் சொல்லும் ஓரசை. பாக் அந்தச் சொல்லைத் தனி ஸ்வரத்தில் அறைகிற இடங்களிலெல்லாம் ஜப்பானியச் சொல் அப்படியே பொருந்திவிடும். ஆளுநர் பிலாத்து "யாரை விடுவிக்க வேண்டும்?" என்று கேட்க, கூட்டம் "பரபாஸ்!" என்று கத்தும் இடத்தில் பெயர்க்கவே ஒன்றுமில்லை. அடுத்து வரும் "சிலுவையில் அறையும்" என்ற கூக்குரலுக்கு ஜெர்மனில் ஐந்து அசை. ஜப்பானிய விவிலியம் அதையே எட்டு மாத்திரையில் சொல்கிறது. நல்லவேளையாக, பாக் அங்கே ஓர் அசையை நீட்டிப் பல ஸ்வரங்களில் முறுக்கியிருக்கிறார். மொழிபெயர்ப்பவர் நுழைய அந்த இடுக்கு போதும்.

இதைவிடக் கடினம் சுரத்தின் ஏற்ற இறக்கம். ஜப்பானியப் பேச்சில் குரல் ஏறி இறங்குவதே பொருளைப் பிரிக்கும். டோக்கியோப் பேச்சில் 'ஹாஷி' என்று முதலெழுத்தை உயர்த்திச் சொன்னால் சாப்பிடும் குச்சி. இரண்டாம் எழுத்தை உயர்த்தினால் பாலம். 'அமே' மழையும் ஆகும், மிட்டாயும் ஆகும். யமாதா கோசாக் போன்ற இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே மெட்டமைத்தார்கள். ஆனால் பாக்கின் மெட்டு முன்பே முடிந்துபோனது, அது வளையாது. மெட்டு ஏறும் இடத்தில் பேச்சிலும் ஏறுகிற சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். பல சரணங்கள் கொண்ட பாட்டு என்றால் இந்தத் தொல்லை பெருகும். முதல் சரணத்தில் அழகாகப் பொருந்திய மெட்டு இரண்டாம் சரணத்தில் சொல்லைத் தலைகீழாக்கிவிடும்.

சொல்வரிசையும் உண்டு. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை இறுதியில் வரும். இயேசுவை மறுதலித்த சீடர் பேதுரு மனம் கசந்து அழுத இடத்தில் ஜெர்மன் வாக்கியம் 'அழுதான்' என்பதை முதலிலும் 'மனங்கசந்து' என்பதைப் பின்னும் வைக்கிறது. பாக் 'அழுதான்' என்ற சொல்லுக்கு விம்மி விம்மி இறங்கும் நீண்ட இசைத்தொடர் அமைத்திருக்கிறார். ஜப்பானிய இயல்பு வரிசையில் எழுதினால் அந்த விம்மல் 'மனங்கசந்து' என்பதன்மேல் போய் விழும். வரிசையைக் கவிதை மரபின்படி புரட்டிப் போட்டு அழுகையை அழுகையிலேயே நிறுத்தலாம். ஆனால் செய்தி சொல்லும் சுவிசேஷகனின் நேர்நடை சற்றே செயற்கையாகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நானாக இருந்தால் வரிசையைப் புரட்டுவேன்.

இழப்புகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஜெர்மன் மெய்யெழுத்துகள் சொல்லின் முன்னும் பின்னும் குவிந்து, இசைக்குள் ஒரு கூர்மையைத் தருகின்றன. ஒரு குரல் தொடங்கியதை மற்றொரு குரல் பின்தொடர்ந்து பற்றும் ஃபியூக் பகுதிகளில், எந்தக் குரல் எப்போது நுழைந்தது என்று காட்டுவதில் அந்த மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. குரல்கள் அழகாக இழைகின்றன, ஆனால் அந்த நறுக்குத் தெறிப்பு குறைகிறது. ஜெர்மன் கேட்டுப் பழகிய காது இதை உடனே உணரும். அந்தக் குறையைச் சொல்லும் விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை.

இவ்வளவு இழந்தும் ஏன் இது வேண்டும்? மத்தேயு பாடுகளில் ஓர் இடத்தைச் சொல்கிறேன். இறுதி இராவுணவில் இயேசு, "உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்கிறார். சீடர்கள் பதறிப்போய், "ஆண்டவரே, நானா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பாடகர் குழு அந்தக் கேள்வியை ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கேட்பதுபோல் பாடுகிறது. 'ஆண்டவரே' என்ற விளி அதில் பதினொரு முறை வருவதாக எண்ணிச் சொல்வார்கள். பன்னிரு சீடரில் யூதாஸ் ஒருவன் மட்டும் அப்போது கேட்கவில்லை. கேள்விக்கு இயேசு பதில் சொல்வதற்கு முன்பே பாக் கதையை நிறுத்திவிடுகிறார். அதே பாடகர் குழு, அமைதியான நான்கு குரல் பாமாலையாக, "நானேதான், தண்டனைக்கு உரியவன் நானே" என்ற கருத்தில் பாடத் தொடங்குகிறது. சீடர்கள் கேட்ட கேள்விக்கு, பதினேழு நூற்றாண்டு தாண்டி நிற்கிற சபை பதில் சொல்கிறது.

பாக்கின் திட்டமே இந்த இரண்டு நொடிக்குள் இருக்கிறது. பாடுகிறவர் தம் வாயால் தம்மைச் சொல்ல வேண்டும். ஜெர்மன் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ ஓய்வுபெற்ற ரயில் ஊழியரோ, கதகானா எழுத்தில் ஒலியை மனப்பாடம் செய்து அந்த இடத்தைப் பாடும்போது, ஸ்வரம் சரியாக இருக்கும், நிகழ்ச்சிக் குறிப்பில் பொருளும் அச்சிட்டிருக்கும். ஆனால் "நானேதான்" என்று சொன்னது அவரல்லர். ஜப்பானியத்தில் பாடும்போது அவர்தான் சொல்கிறார். அவர் கிறித்தவராக இல்லாவிட்டாலும், ஒரு துரோகத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் அந்த வாக்கியம் அவர் அன்றாடம் பேசுகிற மொழியில் அவர் தொண்டையிலிருந்து வருகிறது. இதற்காக எத்தனை மெய்யெழுத்துகளை இழந்தாலும் தகும் என்று நான் நினைக்கிறேன்.

தேர்ந்த இசைஞர்களின் நிலை வேறு. அவர்களுடைய கடமை கேட்கிறவர்களுக்கு. அவர்கள் ஜெர்மனில் பாடுவதே முறை. ஊர்க் குழுவின் முதல் கடமை தன் உறுப்பினர்களுக்கு. வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாடிப் பழகுகிறவர்கள் அவர்கள்தான். கச்சேரி ஒரு மாலையோடு முடிந்துவிடும். அந்தச் சொற்களோடு வாழ்ந்தவர்கள் பாடகர்கள்.

எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி ஜப்பானில் பாக்கோடு தொடங்கவில்லை. அதன் வேர் பதினாறாம் நூற்றாண்டில் இருக்கிறது. அந்த வேர் நம் கடற்கரையையும் தொடுகிறது. இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அறியாத அவர், மொழி தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். தூத்துக்குடிக் கரையில் பழகிய அதே முறையோடு 1549-ல் ககோஷிமாவில் இறங்கினார். அங்கும் ஒரு ஜப்பானியரின் துணையோடு வேதபாடத்தை அந்நாட்டு மொழியில் எழுதவைத்துப் படித்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்த இயேசு சபையார் பள்ளிகள் நடத்தினார்கள், லத்தீன் பாடல்களைக் கற்பித்தார்கள். 1605-ல் நாகசாகியில் லத்தீன் பாடல்களின் ஸ்வரக் குறிப்போடு ஒரு வழிபாட்டு நூலே அச்சாயிற்று.

1614-ல் நாடு முழுவதும் கிறித்தவம் தடை செய்யப்பட்டது. தடை அறிவிப்புப் பலகைகள் இறங்கியது 1873-ல். அந்த இரண்டரை நூற்றாண்டின் பெரும்பகுதியில் குருக்கள் இல்லை, நூல் இல்லை, கோயில் இல்லை. நாகசாகிப் பகுதியின் இக்கிட்சுக்கித் தீவில் உழவரும் மீனவருமாக இருந்த மக்கள், தங்கள் ஜெபங்களை வாய்வழியாகவே காத்தார்கள். அவற்றை 'ஒராஷோ' என்று வழங்கினார்கள். அவற்றில் சில பாட்டாகவே பாடப்படுகின்றன. மூன்று பாட்டுகள் லத்தீன். தலைமுறைகள் கடந்ததில் ஒலி திரிந்து, பொருள் யாருக்கும் தெரியாமல் போயிற்று. இசை ஆய்வாளர் மினகாவா தட்சுவோ அவற்றைக் கேட்டு, 'குருரியோசா' என்று தீவு மக்கள் பாடும் பாட்டின் மூலத்தைப் பல ஆண்டுகள் தேடி, ஸ்பெயின் நாட்டு நூலகத்தில் இருந்த பதினாறாம் நூற்றாண்டுப் பாடல் நூலொன்றில் கண்டெடுத்தார். அன்னை மரியாளைப் போற்றும் பழைய லத்தீன் பாடல் அது.

இதை என் வாதத்துக்கு எதிரான சான்றாகவும் காட்டலாம். பொருள் தெரியாத அயல்மொழியை இருநூற்றைம்பது ஆண்டு உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்கள் இவர்கள். பொருள் இல்லாமலும் ஒலி புனிதமாக நிற்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மக்களிடம் வேறு பாட்டுகளும் இருக்கின்றன. தங்கள் மண்ணில் கொல்லப்பட்டவர்களுக்காகப் பாடும் பாட்டுகள். தீவுக்கு எதிரே கடலில் நக்காயே என்ற சிறுதீவு உண்டு. கிறித்தவர்கள் கொல்லப்பட்ட இடம். நாகசாகிப் பகுதியின் மறைந்துவாழ்ந்த கிறித்தவர்களின் இடங்கள் 2018-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது அதுவும் சேர்ந்தது. அங்கே இறந்தோரை நினைத்துப் பாடும் பாட்டை அவர்கள் லத்தீனில் பாடவில்லை. ஜப்பானிய மொழியில் பாடுகிறார்கள். வாங்கிய வழிபாட்டை வந்த மொழியிலேயே வைத்துக்கொண்டவர்கள், சொந்த இழவைச் சொந்த மொழியில் அழுதிருக்கிறார்கள்.

தடை நீங்கும் காலத்தில் வடக்கே இன்னொரு முயற்சி நடந்தது. ரஷ்யத் துறவி நிக்கொலாய் 1861-ல் ஹக்கோதாத்தே வந்து சேர்ந்தார். வழிபாட்டு நூல்களை நகாய் சுகுமாரோ என்ற அறிஞரோடு அமர்ந்து ஜப்பானிய மொழியாக்கினார். அதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் இசைக்கருவி கிடையாது. எல்லாம் மனிதக் குரல். யாக்கொவ் திகாய், திமித்ரி ல்வோவ்ஸ்கி என்ற இருவர் ரஷ்யத் திருவிசையை ஜப்பானியச் சொற்களுக்கு இசைவாக்கிக் குழுக்களைப் பழக்கினார்கள். 'ஆண்டவரே இரங்கும்' என்ற மன்றாட்டு ரஷ்ய வழிபாட்டு மொழியில் ஆறு அசை. அவர்கள் தேர்ந்த ஜப்பானியத் தொடரும் ஆறு மாத்திரை. ஒரு வழிபாட்டில் பலப்பல முறை வரும் வேண்டல் என்பதால் இந்தப் பொருத்தம் சிறிய விஷயமல்ல. 1891-ல் டோக்கியோவில் பேராலயம் எழுந்தது. இன்றும் மக்கள் அதை நிக்கொலாய்க் கோயில் என்றே அழைக்கிறார்கள். 1904-ல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டபோது நிக்கொலாய் தம் சபையாரை விட்டுப் போக மறுத்து டோக்கியோவிலேயே தங்கினார். பகைநாட்டுக் கோயில் என்று சந்தேகிக்கப்பட்ட அந்தக் காலத்தைச் சபை தாண்டி வந்ததற்கு, அவர்கள் வழிபட்டது ஜப்பானிய மொழியில் என்பதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ரஷ்ய நான்கு குரல் மரபை ஜப்பானியச் சொற்களோடு அந்தச் சபைகளின் சாதாரண மக்கள் இன்றுவரை பாடிவருகிறார்கள்.

கத்தோலிக்கர் பக்கம் தகாதா சபுரோ என்ற பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1913-ல் நகோயாவில் பிறந்து 2000-ல் மறைந்த இசையமைப்பாளர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டை மக்கள் மொழியில் நடத்த வழிவிட்டபின், ஜப்பானியப் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மெட்டை எடுத்துத் திருவழிபாட்டுப் பாடல்கள் அமைத்தார். லுத்தர் 1525-ல் கேட்டதை ஜப்பானியத்தில் செய்து காட்டியவர் இவர் என்பேன். அவருடைய 'மிசு நோ இனோச்சி' என்ற பாடகர் குழு இசை, சமயம் கடந்து அந்நாட்டு ஊர்க் குழுக்கள் விரும்பிப் பாடும் ஒன்று.

இப்போது நம் பக்கம் வருகிறேன். பாக் லைப்சிக்கில் பணிசெய்த காலம் 1723 முதல் 1750 வரை. ஜெர்மனியின் ஹாலே நகரத் தொடர்போடு லுத்தரன் மறைபணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது 1718-ல். பாக் நான்கு குரலில் அமைத்துக்கொண்டிருந்த அதே லுத்தரன் பாமாலைகள், அதே ஆண்டுகளில், சோழமண்டலக் கரையில் தமிழ்ச் சொற்களோடு பாடப்பட்டன. 1740-ல் வந்த பப்ரிசியுஸ் அவற்றைப் பெருக்கிச் செம்மைப்படுத்தினார். நான் முன்பு சொன்ன, காதல் மெட்டிலிருந்து வந்த கெர்ஹார்ட் பாட்டும் தமிழ் ஞானப்பாட்டு நூலில் இருக்கிறது. தமிழ் லுத்தரன் சபைகளில் மூத்தவர்கள் அதை மனப்பாடமாகப் பாடுவார்கள்.

ஓமுரா எமிகோ 1962-ல் தொடங்கிய வேலையின் ஒரு பகுதி நம்மிடம் இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே செய்யப்பட்டுக் கிடக்கிறது. ஆனால் நம் நகரங்களில் பாக்கைப் பாடும் குழுக்கள் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ பாடுகின்றன. ஞானப்பாட்டைப் பாடும் சபைகளோ பெரும்பாலும் மெட்டை மட்டும் ஒரே குரலில் பாடுகின்றன. பாக்கின் நான்கு குரல் அமைப்பும் பப்ரிசியுஸ் காலத்துத் தமிழும் ஒரே மேடையில் சந்திப்பது அரிதாகவே இருக்கிறது.

இந்த அரங்கில் திருச்சபைப் பாடகர் குழுக்களை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. வரும் தவக்காலத்தில் மத்தேயு பாடுகளின் பாமாலைகளை, பாக் எழுதிய நான்கு குரலில், தமிழ் ஞானப்பாட்டு வரிகளோடு பழகத் தொடங்குங்கள். சொல்லும் ஸ்வரமும் எங்கே உரசுகின்றன என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் குறித்துவையுங்கள். நெடில் எங்கே குறுகிப்போகிறது, எந்தச் சரணத்தில் சொல் உடைகிறது என்று எழுதுங்கள். மாணவர்களே, அந்தக் குறிப்புகளைச் சேகரித்துத் தமிழ் யாப்பு அறிந்த ஆசிரியர்களிடம் கொண்டுபோங்கள். தமிழ் வரிகளும் பாக்கின் நான்கு குரலும் ஒரே பக்கத்தில் அச்சான ஒரு ஸ்வர நூல் நமக்கு வேண்டும். அந்த நூலுக்கான முதல் பக்கங்களை இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள் யாராவது கொண்டுவந்தால், பாடிக் காட்ட இதே மேடையைத் தரும்படி அறங்காவலர்களை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.